வெறும் தட்டு

கிளாடியோலஸ் பூச்செடியின் இலையில் விழுந்த பழுப்புப் புள்ளிக்குப் பேர் கண்டுபிடிக்க, ஆய்வகத்தில் மங்கையற்கரசி நான்கு கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிவைத்தாள். மூன்றில் பூ விவசாயி பொன்னுரங்கத்தின் தோட்டத்து இலைத் துணுக்குகளை வைத்தாள். நான்காவதை, ஒப்பிட்டுப் பார்க்க, வெறுமனே விடுவது வழக்கம். மூடும்போது மட்டும் அவள் ஆள்காட்டி விரல் அதில் லேசாகப் பட்டுவிட்டது. ஏழாம் நாள் நான்கிலும் ஒரே கரும்பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் நான்கிலும் ஒரே வித்து, படகுபோல் வளைந்து, நடுவில் வயிறு புடைத்து. பேர் உடனே தெரிந்துவிட்டது. பதிவேட்டில் 'எதிலிருந்து எடுத்தது' என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. மூன்றுக்கு 'இலை' என்று எழுதினாள். நான்காவதற்கு? இலையிலிருந்து விரலுக்கு வந்ததா, விரலிலிருந்து இலைக்குப் போனதா? பூக்கிழங்கு நட்ட நாளிலிருந்து வாரம் தவறாமல் தோட்டத்துக்குப் போய், இலை இலையாகத் தடவிப் பார்த்தவள் அவள்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பொன்னுரங்கம் உள்ளே வந்தார்.

"பேரு தெரிஞ்சுதுங்களா மேடம்?"

"தெரிஞ்சுதுங்க. ஆனா எங்கருந்து வந்துச்சுன்னுதான்..."

"அது கெடக்கட்டுங்க. நீங்க இன்னும் கால் வைக்காத வடக்குப் பாத்தி மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாம நிக்குது. எனக்கு மிஞ்சுனது அதுதாங்க. அதையும் ஒருதரம் உங்க கையால தொட்டுப் பாத்துச் சொல்லிருங்க."