பச்சைப்பயறு மாப்பிள்ளை

"கோயில் பொங்கலைக்கூடவா வேணாம்னு சொல்லுவே? சாமி கண்ணைக் குத்திடும்டா!"

மகனுடைய பங்கையும் சேர்த்து முழுங்கிவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள் ரேணுகாம்பாள்.

மணிவேல் அசரவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்தான். முளைகட்டின பச்சைப்பயறு. வேலூரிலிருந்து கிளம்பும்போதே கட்டிக்கொண்டு வந்தது.

சில மாசமாகவே இந்தக் கூத்துதான். சர்க்கரை கூடாது, எண்ணெய் கூடாது. வெளியூர் வந்த இடத்திலாவது மனுஷன் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான் இல்லையா? இவன் விடியறதுக்குள் அண்ணாமலையைச் சுற்றி கிரிவலம் நடந்து முடித்துவிட்டான். அம்மாக்காரி ஆட்டோவில் சுற்றினாள். புண்ணியம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே!

"டேய், பொண்ணு பாக்கப் போற வீட்டுலயும் டப்பாவைத் தொறந்து மானத்தை வாங்கிடாதே. அங்க கை நனைச்சாத்தான் சம்மதம்னு அர்த்தம். பலகாரத்தைத் தொடலைன்னா, பொண்ணு பிடிக்கலைன்னு எடுத்துக்குவாங்க. பொண்ணுக்குக் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம்டா! ரெண்டு வாயாவது தின்னு."

"பாக்கலாம்மா."

வேங்கிக்காலில் பெண் வீடு. கேசரி வாசனையும் வாழைக்காய் பஜ்ஜி வாசனையும் தெருமுனைக்கே வந்து வரவேற்றன. பெண்ணின் அம்மா சந்திரம்மாள் வாசலுக்கு ஓடி வந்து கூட்டிப் போனாள்.

அருணாதேவி தட்டோடு வந்தாள்.

ரேணுகாம்பாளுக்கு முகம் சுருங்கிப் போச்சு. போட்டோவில் கழுத்து வரைக்கும்தான் இருந்தது. நேரில் பார்த்தால் பெண் நல்ல புஷ்டி!

"நம்ம வீட்டு வாசக்கால் பத்தாதுடா," என்று மகன் காதைக் கடித்தாள். சொன்னவள் உட்கார்ந்திருந்த சோபாவில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை, அது வேற கதை.

"எடுத்துக்கோங்க தம்பி," என்றாள் சந்திரம்மாள். அவள் கண் தட்டிலேயே இருந்தது. ஏற்கெனவே வந்த ரெண்டு வீட்டுக்காரர்களும் பலகாரத்தைத் தொடாமலே எழுந்து போயிருந்தார்கள். இவனாவது ஒரு வாய் வைக்கமாட்டானா என்று தவித்தாள்.

ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "ஐயோ, அவனுக்கு வேணாங்க! பையன் டயட்டுல இருக்கான். மலை சுத்தி நடந்து வந்தும் கோயில் பொங்கலையே தொடலைன்னா பாத்துக்கோங்களேன். தங்கமான பழக்கம்! வெளியூர் போனாலும் விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லுவேன்."

காலையில் கண்ணைக் குத்த வந்த சாமி எந்தப் பக்கம் போச்சோ!

"டப்பாவை எடுடா கண்ணு." பஜ்ஜியைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறியும், தன் கையை மட்டும் முந்தானைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சந்திரம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவளுக்கு இந்த டயட்டுக்கு அர்த்தம் தெரியாதா? கண் கலங்க, தட்டை எடுக்கக் குனிந்தாள்.

அருணாதேவி மட்டும் அவன் திறந்த டப்பாவை எட்டிப் பார்த்தாள். "இதைத் தின்னுட்டா மலை சுத்தினீங்க? மயக்கம் வரலையா?"

மணிவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதி வழியில, அடி அண்ணாமலை கோயில் கிட்ட லேசா வந்துச்சுங்க. அம்மாகிட்ட சொல்லலை."

"சொல்லாதீங்க. பொங்கலை ஊட்டி விட்டுடுவாங்க!"

அவன் டப்பாவை மூடினான்.

"தட்டு அங்கயே இருக்கட்டும் அத்தை."

அத்தையா? சந்திரம்மாள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கேசரி ஒரு கவளம் உள்ளே போய்விட்டது. அடுத்து பஜ்ஜி. அதற்கடுத்து இன்னொரு பஜ்ஜி.

"டேய்... டயட்டுடா!"

"நாளைக்கு இன்னொரு தடவை மலை சுத்திக்கிறேன்மா."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்திருந்தாள் ரேணுகாம்பாள். மணிவேல் இன்னொரு தட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"ம், நீயும் கை நனைம்மா. உனக்குத்தான் டயட் கிடையாதே!"