பால்கனியை மறைத்த பியானோ

“பால்கனிக் கதவை அடைச்சா வைக்கச் சொன்னே?”

டீச்சர் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. எட்டாவது மாடிக்குப் பியானோவைக் கொண்டுவந்து சேர்த்த ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

“ஆமா அண்ணி. அங்கேதான்,” என்றாள் தம்பி மனைவி.

அம்மாவின் பியானோ அது. அம்மா போனபிறகு டீச்சர்தான் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ‘அவர் சின்ன வயசுல வாசிச்சதாமே, எங்களுக்குக் கொடுங்க அண்ணி’ என்று தம்பி மனைவி போனில் கெஞ்சியபோது மறுக்க மனசு வரவில்லை. வேலை போனதிலிருந்து தம்பி வீட்டோடு முடங்கிக் கிடக்கிறான். வாசித்தால் கொஞ்சம் தெளிவான் என்று நினைத்தாள்.

இப்போது, கொடுத்தது தப்போ என்று பட்டது.

“சாயங்கால வெயில் பூரா அந்தக் கதவு வழியாத்தான் அடிக்கும். மழை பெஞ்சா சாரல் வேற. பலகை வெடிச்சிடும், சுருதி நிக்காது. இதோ, இந்த உள்சுவர் காலியாத்தானே இருக்கு?”

“அங்கேயே இருக்கட்டும் அண்ணி.”

“ஹாலே இருட்டாயிடும்.”

“லைட் போட்டுக்கறோம்.”

“துணியை எங்கே காயப்போடுவே?”

“உள்ளேயே கொடி கட்டிக்கறேன்.”

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. டீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. விஷயம் இதுதான். வாசல் கதவைத் திறந்ததும் எதிரே பியானோ தெரிய வேண்டும், வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். வீட்டில் ஒருத்தன் வேலையில்லாமல் கிடக்கும்போது இவளுக்குப் பவிசு கேட்கிறது.

தம்பி சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“நீயாவது சொல்லேன்டா. அம்மாவோட பியானோடா.”

“அவ இஷ்டம்க்கா.” அவன் திரும்பவே இல்லை.

ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “எங்கேம்மா தள்ளட்டும்?”

“கதவுகிட்டயே தள்ளுங்க. அப்புறம் அடியில இருக்கற சக்கரத்தைக் கழட்டிடுங்க.”

“கழட்டினா ஒத்தை ஆளால அசைக்கக்கூட முடியாதும்மா.”

“பரவாயில்ல.”

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். டீச்சர் தம்பி மனைவியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் இப்பவே திருப்பி எடுத்துட்டுப் போறேன்.”

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில், டீச்சருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“போன வாரம் கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தேன் அண்ணி. பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல உக்காந்திருந்தார். காலை வெளிப்பக்கமா தொங்கப்போட்டுக்கிட்டு.”

டீச்சர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படியோ பேசி இறக்கிட்டேன். டாக்டர்கிட்ட காட்டறேன். மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாளாகும்னார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி இருக்கு. அந்தக் கதவுதான்...”

“ஒரு பூட்டு போட்டிருக்கலாமேம்மா.”

“பூட்டினா வர்றவங்க ஏன்னு கேப்பாங்க. அவர் கூனிக் குறுகிப் போயிடுவார். பியானோவை வச்சா என்னைத்தானே கேனச்சின்னு சொல்வாங்க? சொல்லிட்டுப் போகட்டும்.”

குழாய் திறந்தே இருந்தது. டீச்சர் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கழுவக் கழுவக் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

ஹாலுக்கு வந்தபோது பாதி இருட்டாகிவிட்டிருந்தது. பியானோவின் விளிம்பில் மட்டும் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

“என்ன டீச்சர், திரும்ப வண்டியில ஏத்திடவா?” என்றார் மேஸ்திரி.

அவள் தம்பியின் முதுகைப் பார்த்தாள். பிறகு பியானோவுக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டு அளந்து பார்த்தாள்.

“இன்னும் ஒரு ஆள் நுழையற இடம் இருக்கு,” என்றாள். “நல்லா ஒட்டித் தள்ளுங்க.”