சிமெண்டுப் படகு

கடற்கரையை அழகாக்குகிறோம் என்று மனிதர்கள் வந்தபோது செவலை நாய்க்கு மூன்று குட்டிகள் இருந்தன. படகுகள் கரையேறியதும் வலையிலிருந்து உதறி எறியும் பொடிமீன்தான் அவளுக்குச் சாப்பாடு. அதில் ஊறும் பால்தான் குட்டிகளுக்கு. வந்தவர்கள் படகுகளையெல்லாம் தொலைவிலிருந்த துறைமுகத்துக்கு மாற்றிவிட்டு, அவை நின்ற இடத்தில் சிமெண்டில் ஒரு படகு கட்டி, நீலச் சாயம் அடித்து, மேலே புது வலையைப் போர்த்தினார்கள். ஜனங்கள் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

“ஊருக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு. எங்கே பார்த்தாலும் பஜ்ஜி!” என்றது காகம்.

“உனக்கு றெக்கை இருக்கு, பேசுவே. என் வளை மேல கல்லைப் பதிச்சிட்டானுங்க” என்றது நண்டு.

செவலை பஜ்ஜிக் கடைப் பக்கம் போனபோது வெந்நீரை ஊற்றி விரட்டியிருந்தார்கள். முதுகில் தோல் உரிந்திருந்தது. விடிந்ததும் அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய் சிமெண்டுப் படகின் ஓரமாக உட்கார்ந்தாள். தினமும் அப்படித்தான்.

காகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அடி கிறுக்கி, அது சிமெண்டுடி! கடலுக்கே போகாது!”

“மெதுவாப் பேசு. முதல் நாளே மோந்து பார்த்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு தினம் வந்து உட்கார்றே?”

செவலை குட்டிகளைப் பார்த்தாள். நேற்றிலிருந்து இரண்டுதான். இரண்டும் வலையின் நுனியை நக்கிக்கொண்டிருந்தன.

“இதுங்க பசின்னு அழுறப்ப, இதோ மீன் வந்துடும்னு காட்ட ஒரு படகு வேணாமா?” என்றாள்.