பத்து நிமிட இரங்கல்

மெக்கானிக் பஞ்சாட்சரம் மாரடைப்பில் இறந்த மூன்றாம் நாள், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் இரங்கல் கூட்டம். தோல் ஊறிச் சுழலும் ராட்சத மர டிரம்களைக்கூட நிறுத்திவிட்டார் மேனேஜர் ஜெயப்பிரகாஷ். பத்தே நிமிடம்தான்; ஏற்றுமதிச் சரக்கு காத்திருந்தது.

"பஞ்சாட்சரம் லீவே எடுக்காத உழைப்பாளி" என்று முடித்துவிட்டு, இறந்தவரின் மனைவி விஜயகுமாரியிடம் மைக்கை நீட்டினார். "ரெண்டே வார்த்தை பேசுங்கம்மா."

விஜயகுமாரி பேசினார். கல்யாணத்தன்று ஜெனரேட்டர் நின்றுபோக, மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக்கட்டிச் சரிசெய்தது, மகள் சைக்கிளுக்கு வாராவாரம் எண்ணெய் விட்டது, மாமியார் வீட்டு மிக்சியைக் கழற்றிப் பூட்டியது... அரை மணி ஓடிவிட்டது.

"போதும்மா, எங்களுக்கும் மனசு பேஜாரா இருக்குது" என்றார் ஜெயப்பிரகாஷ், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"கிரைண்டர் கதை இன்னும் சொல்லலியே சார்!"

அப்போதுதான் இன்னொரு மெக்கானிக் அந்தோணி உள்ளே வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"இன்னா அந்தோணி, தோஸ்த்து கூட்டத்துக்கே லேட்டா?"

அந்தோணி மேனேஜரைப் பார்க்கவே இல்லை. "அண்ணி, நாலு போல்ட்டும் மாத்தியாச்சு."

விஜயகுமாரி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டாம் நம்பர் டிரம்மைத் தாங்குற போல்ட்டு கெமிக்கல்ல அரிச்சுப் போச்சு, அறுந்தா பக்கத்துல நிக்கிறவங்க மேல உருளும், ஓடும்போது மாத்த முடியாது, அரை மணி நிறுத்துங்கன்னு ரெண்டு வருஷமா எங்க வூட்டுக்காரரு உங்ககிட்ட கேட்டுனு இருந்தாரு. இப்ப ஓட்டிக்குங்க சார்."