ரெண்டு குரோட்டன் கண்டு

ராத்தா, வாயால சொல்லித்தான் டைப் பண்றன், எழுத்துப் பிழையப் பாராதீங்க.

தங்கச்சி முஸ்பிறாக்கு ஊடு கட்ட நான் சவளக்கடை ஊருல வாங்கின வளவுல என்னென்ன கண்டு நிக்கிதெண்டு உம்மா போட்டோ அனுப்பினா. முசுட்டை, தூதுவளையெல்லாம் என்ட போன்ல உள்ள ஆப் கண்டுபுடிச்சிட்டு. மூலையில நிண்ட ரெண்டும் குரோட்டனாம்.

அத எழுதி அனுப்பினன், உம்மா உடன கோல் எடுத்தா. "மகன், தலமாட்டுல ஒண்டு, கால்மாட்டுல ஒண்டு. நடுவுல ஆறடி. ஆக்கள அடக்கின இடத்துலதான் இப்பிடி நடுவாங்க, இது கபுறுடா. ஆரோ மகான், அவுலியா அடங்கியிரிக்காங்க. இதுல ஊடு கட்ட உடமாட்டன்."

எனக்கு இங்க டோஹாவில சோறு இறங்கல்ல. ஊடு இல்லாம தங்கச்சிய ஆரு கலியாணம் முடிப்பான்? மூணு கிழமையா உம்மா முக்காட்டப் போட்டுக்கிட்டு அந்த மூலைக்கு சலாம் சொல்றா.

இண்டைக்குத்தான் வளவ வித்த றஸாக் காக்காட நம்பர் கிடைச்சிச்சி.

"காக்கா, குரோட்டனுக்கு நடுவுல அடங்கியிரிக்கிறது ஆரு?"

"ஆரும் இல்ல தம்பி. அது பழைய கக்கூஸ் குழி. குழி இறைக்க வாற பவுசர்காரனுக்கு இடம் தெரியட்டுமெண்டு ரெண்டு பக்கமும் நட்டு வெச்சது."

ராத்தா, இத உம்மாக்கு நீங்கதான் சொல்லணும். கெதியாப் போங்க. நாளைக்கு அதுல கந்தூரிச் சோறு குடுக்க ஊருக்கே சொல்லிட்டாவாம்.