பொடியின் கடைசி விலை

“மொத்தச் சரக்கும் இதுதானா?” என்று ஆலை முதலாளி கண்ணாடிக் குப்பியைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கழுத்துவரை கறுப்புப் பொடி.

“உலகத்துலயே இவ்வளவுதான் இருக்கு,” என்றேன். கிடைக்காத பொருள் என்றால் விலை ஏறும். பேராசிரியர் ஆனாலும் கடைக்காரர் மகன்தானே நான்.

அவருடைய ஆலைப் புகையின் நாற்றத்தை முறிக்க, பாதி ஆயுளைக் கொட்டி நான் செய்த வினையூக்கி அது. இன்று அவர் வாங்கினால் என் ஆய்வகம் பிழைக்கும். இல்லையென்றால் அடுத்த வாரம் அங்கே பெஞ்சு போட்டு வகுப்பறை ஆக்கிவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். என் ஆய்வு மாணவியின் பட்டமும் அதோடு போகும்.

முதலாளி சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே ஆய்வகத்துக்கு வந்து நின்றார். நல்ல வேளை, மாணவி காலையிலேயே உலையைச் சூடாக்கி, அதில் செருகிய குழாய்க்குள் ஆலைப் புகையை விட்டிருந்தாள். திரையில் எண் தெரிந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நாற்றம் காலி. நானே அதுவரை கண்டிராத எண். தினமும் பார்த்துச் சலித்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாதி விலைக்குக் கேட்டார். கட்டுப்படியாகாது என்றேன். எழுந்து வாசல்வரை போனார், நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் விலை இறங்கும் என்பதைப் பால்பல் விழுமுன்னே படித்தவன் நான். அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கே என்னைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார்.

இதற்கிடையில் மாணவி என் சட்டைக் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள். வியாபாரம் பேசும் இடத்தில் குறுக்கே வராதே என்று கண்ணாலேயே அதட்டினேன்.

கடைசியில் நான் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், அவள் பக்கம் திரும்பினார்.

“என்னமோ சொல்ல வர்றியேம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“பொடி போடறதுக்கு முன்னாடி வெறுங்குழாயை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு எங்க சார்தான் சொல்லிக் கொடுத்தார். இப்ப ஓடறது அதுதாங்க. பொடி இன்னும் போடல.”

திரையில் தொண்ணூற்றாறு அசையாமல் நின்றது. என் பாதி ஆயுள் குப்பிக்குள் சிந்தாமல் சிதறாமல் இருந்தது.

முதலாளி பேனாவை மூடினார். உலைக்குள் செருகியிருந்த இரும்புக் குழாயைக் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

“இந்தக் குழாய் எந்தக் கடையில வாங்கினது சார்?”