பத்திரமான ரகசியம்

ஆஸ்பத்திரி இயந்திரம் மணிமாறனின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஒரே நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

"முடிவு ரகசியம். டாக்டருக்கு அனுப்ப, நோயாளியே பதில் சொல்லவும். பிறர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. மனைவியின் பெயர் என்ன?" என்று கேட்டது.

"எச்.ஐ.வி.தானே? எனக்கும்தான் இருக்கு!" என்று கத்தினாள் அவன் மனைவி கோகிலவாணி. "பன்னெண்டு வருஷமா ஒரே சொம்புத் தண்ணியில மாத்திரை போட்டோம். ஆறு மாசமா மாத்திரையே வரல. இதுல என்கிட்ட என்ன ரகசியம்?"

நர்ஸ் கையைப் பிசைந்தாள். "மாத்திரை நின்னதால பூஞ்சைத் தொற்று மூளைச்சவ்வு வரைக்கும் போயிருக்கும்க்கா. உங்க பேர அவரு வாயால சொன்னாத்தான் மருந்து தர முடியும்."

"புத்தி தடுமாறிக் கெடக்குற மனுசன்கிட்டயா கேக்குறீங்க?"

மணிமாறன் தலையைப் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்க பேரு என்னங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"பதில் தவறு," என்றது இயந்திரம். "நாளை முயலவும். உங்கள் ரகசியம் பத்திரம்."